தம்பி எழுதிய நாலு

டொக்... டொக்... டொக்...

முன்னறையில் யாரோ சுவரை விரல் முட்டியால் தட்டும் சத்தம். சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. குழாயை மூடினாள். மறுபடியும் டொக், டொக். சந்தேகமே இல்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், செருப்பைக் கழற்றும் முன்பே சுவரைத் தட்டிப் பார்த்து, பூச்சு நல்லதா மட்டமா என்று சொல்லும் பிறவி இந்த உலகத்தில் ஒன்றுதான். அவளுடைய தம்பி.

ஐந்து மாதமாக அந்தத் தட்டல் இந்த வீட்டில் கேட்கவில்லை.

"வாங்க மச்சான்" என்றார் அவள் கணவர். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வெந்நீர் வாளிக்குள் இரண்டு காலையும் விட்டபடி உட்கார்ந்திருந்தார். "சுவரு எப்படி இருக்கு? உயிரோட இருக்கா?"

"உங்களைவிட நல்லா இருக்கு மாமா."

"இருக்கும், இருக்கும். அது ஒரே இடத்துல நின்னுக்கிட்டு இருக்கு. நான் ஊர் பூரா சுத்தினவன்."

வேறொரு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். இன்று ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கதவோரம் வந்து நின்றாள். தம்பி நிமிர்ந்து பார்த்தான். வந்த காரணம் அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. காலையில் நடந்த விசாரணையில் அக்கா என்ன சொன்னாள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவனால் ஒரு வாய் தண்ணீர்கூட விழுங்க முடியாது.

அலுவலகத்தில் அவளுக்கு ‘க்யூப் அக்கா’ என்று பெயர். அரசுக் கட்டடத்துக்குக் கான்கிரீட் போடும்போது அதிலிருந்தே கொஞ்சம் எடுத்து, சதுரப் பெட்டியில் வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் கட்டிதான் க்யூப். அதை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்த்து, அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை, அதே ஸ்டூல், அதே தூசி. "கட்டினதை உடைக்கச் சம்பளம் வாங்குற ஒரே பொம்பளை என் பொண்டாட்டிதான்" என்று கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளுக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை. தான் சரி என்று எழுதிய ஒரு கூரையும் இதுவரை விழவில்லை.

க்யூபின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் எண் மட்டும்தான் இருக்கும். யார் கட்டுகிற கட்டடம் என்பது சோதிப்பவருக்குத் தெரியக் கூடாது. அதற்கும் மேலாக, வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். நெருங்கிய உறவினர் யாராவது துறையில் ஒப்பந்தம் எடுத்திருக்கிறார்களா என்று அது கேட்கும். ஆனால் அந்தக் கேள்வியை அங்கே யாரும் படித்ததில்லை. தலைமை எழுத்தரிடம் ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருந்தது: ‘சென்ற ஆண்டிலிருந்து மாற்றம் இல்லை’. எல்லாப் படிவத்திலும் அதை அவரே குத்தி, டீ வரும் நேரத்தில் மேசை மேசையாக நீட்டுவார். "கையெழுத்துதாம்மா வேணும், கதை வேண்டாம்" என்பார். ஒரு கையில் டீ, மறு கையில் பேனா. அவ்வளவுதான்.

இந்த வருடம் அந்தப் படிவம் வருவதற்குப் பதினைந்து நாள் முன்புதான் தம்பி போன் செய்திருந்தான். "அக்கா! ஸ்கூல் கட்டட கான்ட்ராக்ட் எனக்கே கிடைச்சிடுச்சு!" பஸ் நிறுத்தத்தில் நின்றபடி, பத்துப் பேர் பார்க்க, அவள் அழுதாள். அம்மா கண்ணை மூடியபோது அவனுக்கு ஐந்து வயது, அவளுக்குப் பதினாறு. குளிப்பாட்டியது, ஊட்டியது, தலை வாரியது, எழுதப் பழக்கியது எல்லாம் அவள்தான். படிவம் மேசைக்கு வந்தபோது பேனா ஒரு கணம் தயங்கியது. ‘எண்தானே வருது, பேரா வருது?’ என்று மனம் சொன்னது. டீ ஆறிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று க்யூப்கள் வந்தன. ஈரக் கான்கிரீட்டில் ஆணியால் கீறிய தேதி: 14. அந்த நாலைப் பார்த்ததும் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலை திறந்து, கால் நீண்டு, கவிழ்த்த நாற்காலி போல ஒரு நாலு. "நாலுன்னா என்னடா? நாற்காலியைக் கவிழ்த்து வெச்ச மாதிரி" என்று அவன் கையைப் பிடித்து அவள் எழுதவைத்த நாலு!

அந்த நொடியில் எழுந்து போயிருக்க வேண்டும். ‘சார், இது என் தம்பி வேலை. வேற யாரையாவது பார்க்கச் சொல்லுங்க.’ ஒரே ஒரு வாக்கியம். அவள் எழுந்திருக்கவில்லை. நான்தான் நேர்மையாக இருக்கிறேனே, அது போதாதா என்று நினைத்தாள். தம்பியின் முதல் வேலை திடமாக நிற்பதைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்ற ஆசையும் ஒரு மூலையில் இருந்தது. க்யூபை இயந்திரத்தில் வைத்தாள்.

இருபத்தைந்து தாங்க வேண்டிய கட்டி பதினொன்றில் நொறுங்கியது. அடுத்தது பன்னிரண்டு. மூன்றாவது, பத்தைக்கூட எட்டவில்லை. கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு வந்து ‘தகுதி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தன் வாழ்நாளின் மிகப் பெரிய தியாகத்தைச் செய்துவிட்டதாக அன்றைக்கு அந்தப் பேதை நம்பினாள்.

கூரையை இடிக்கச் சொல்லி உத்தரவு போனது. தம்பி இடிக்கவில்லை. மனு எழுதினான். சோதித்தது என் சொந்த அக்கா, எங்களுக்குள் குடும்பப் பகை, வேண்டுமென்றே கெடுத்திருக்கிறாள். பகை என்று அவன் காட்டியது, அவன் மகளின் பிறந்தநாளுக்கு அவள் போகாததை. அன்றைக்கு அவள் கணவருக்குக் கண் ஆபரேஷன்.

"உட்காரு" என்றாள்.

அவன் உட்காரவில்லை. "என்னக்கா கேட்டாங்க?"

"ஒரே ஒரு கேள்விதான். உடைக்கும்போது அது யாரோடதுன்னு தெரியுமான்னு கேட்டாங்க."

"நீ... என்ன சொன்னே?"

கணவர் வாளியில் கால் அசைப்பதை நிறுத்தினார். தெரியாது என்று சொல்லியிருந்தால் அறிக்கை செல்லுபடியாகும், கூரை இடிபடும். சீட்டில் எண் மட்டும்தானே? அந்த நாலைப் பற்றி அவளையும் கடவுளையும் தவிர யாருக்குத் தெரியும்?

"தெரியும்னு சொன்னேன்."

தம்பியின் தோள் இரண்டும் தொப்பென்று இறங்கின. அவள் கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "அக்கா... என்னைக் காப்பாத்திட்டேக்கா. தெய்வம்க்கா நீ."

"கையை விடு." அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "உன்னைக் காப்பாத்தச் சொல்லலை. அந்த ஃபாரத்துல ஒருதடவை பொய்யாக் கையெழுத்துப் போட்டாச்சு. இன்னொரு தடவை முடியலை. சொன்ன உடனே அந்த அதிகாரி என் அறிக்கையைக் குறுக்கே கோடு போட்டு அடிச்சிட்டார். ‘கூரையிலேயே துளை போட்டு ஒரு துண்டு எடுத்துச் சோதிச்சுப் பாருங்க சார்’னு கெஞ்சினேன். ‘அதைச் சொல்ல நீங்க யாரும்மா? ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா வேற ஒருத்தர் பார்த்திருப்பார், பேச்சே இல்லை’ன்னார். அவர் சொன்னது நியாயம்டா. அதான் என்னைக் கொல்லுது."

"வேற லேப்ல பாஸ் ஆயிடுச்சுல்லக்கா."

"புதுசா மூணு க்யூப் வார்த்துக் குடுத்தே. க்யூப் பாஸ் ஆச்சு. கூரை?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. சிமென்ட் எவ்வளவு குறைச்சே?"

"முதல் வேலைக்கா. கட்டுப்படியாகலை. எல்லாரும்தான் குறைக்கிறாங்க..."

"பசங்க எப்ப வர்றாங்க?"

"திங்கக்கிழமை."

"உன் பொண்ணை அந்த ஸ்கூல்ல சேர்ப்பியா?"

வாளித் தண்ணீர் மட்டும் மெல்ல அலைந்தது.

"அவ வேற ஸ்கூல்க்கா" என்றான் கடைசியில், சின்னக் குரலில்.

"முட்டாவது குடுடா! தூணுக்குத் தூண் நடுவுல கூரையைத் தாங்க இரும்பு முட்டு நிறுத்துடா! உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்..." நிஜமாகவே குனிந்தாள். கணவர் ஈரக் காலோடு எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தார்.

"முட்டு நிறுத்தினா நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்க்கா."

"நான் போய்ச் சொல்றேன். அந்த வாசல்லயே நின்னு ஒவ்வொரு தாய்கிட்டயும் சொல்றேன்."

அவன் அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. பரிதாபமாகப் பார்த்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "யாருக்கா நம்புவாங்க? நீ பகையில சொல்றேன்னு ஃபைலே சொல்லுது."

"மச்சான்" என்றார் கணவர். அவர் குரலில் இப்போது கேலி இல்லை. "முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். பிரேக் சரியில்லாத வண்டியைத் தெரிஞ்சே ஒருநாளும் எடுத்ததில்லை. கிளம்புங்க."

தம்பி செருப்பை மாட்டினான். அவள் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றாள். அறிக்கை, மனு, விசாரணை எல்லாம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். அந்தக் கூரை எத்தனை வருடம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியாது. இனி ஒவ்வொரு மழைக்கும் அவள் விழித்திருக்க வேண்டும்.

வாசலில் அவன் வழக்கம்போல நிலைப்பக்கச் சுவரைத் தட்டக் கையைத் தூக்கினான். பாதியில் கை நின்றது. தட்டாமலே இறக்கிக்கொண்டு படியிறங்கினான்.

கணவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.