பதினோரு லெட்சுமிகளும் ஓர் ஒப்படையும்

சமூகக் கல்வி படிப்பிக்கிறவளுக்குப் படம் கீறவும் தெரிய வேண்டும், பஞ்சாயத்துப் பேசவும் தெரிய வேண்டும். ஓர் இடுப்பில் கொப்பிக் கட்டு, மறு இடுப்பில் கைப்பிள்ளை என்று மலையேறுகிற என் சக டீச்சர்மாரே, இது உங்களுக்குத்தான். நானும் நமுனுகுலப் பக்கம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்து, பக்கத்துத் தோட்டத்திலேயே டீச்சரானவள்தான். அந்த வருஷம் பத்தாம் ஆண்டுக்கு ஓர் ஒப்படை கொடுக்கச் சொன்னார்கள். ஏதாவது ஒரு பிரச்சினையை எடுத்து, அதில் தங்கள் நிலைப்பாடு என்ன, அதற்குக் காரணம் என்ன என்று பிள்ளைகள் எழுத வேண்டும். படிப்பிக்கிற எனக்கே அது புதுசு.

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

"நிலைப்பாடுன்னா, நீங்க எங்க நிக்கிறீங்கன்னு சொல்றது" என்று பெரிதாக விளக்கிவிட்டு, ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். சிவகுமார் எழுதிக் காட்டியது: "என் நிலைப்பாடு: மேல் டிவிசன், மூணாம் லயம், கடைசிக் காம்பரா." லயம் என்கிற வரிசை வீட்டில் தன் அறை எது என்று எழுதிவிட்டான்! வகுப்பே சிரித்தது. நானும்தான்.

ஜெயந்தி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய அக்கா பெயர் எஸ். லெட்சுமி. போன வருஷம் டீச்சர் வேலைக்கு விண்ணப்பம் போட்டாள், பதிலே வரவில்லை. இந்த வருஷமும் போட்டிருந்தாள். அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும், ஆகவே இதுதான் கடைசித் தடவை. எங்களுக்கு வருகிற கடிதங்களில் பெயர் இருக்கும், தோட்டத்தின் பெயர் இருக்கும், அவ்வளவுதான். எல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போய், விடியக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பெயர் வாசித்துக் கொடுக்கப்படும். ஜெயந்தி எழுந்து நின்றாள். "அவன் எழுதின எடத்துக்கு ஒரு காயிதமும் வராது டீச்சர். அப்படி ஒரு எடம் இருக்குன்னு நமக்கு மட்டுந்தான் தெரியும்."

ஒப்படைக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.

முன்னுரைக்கு வந்த ஆபத்து

அகலமான டெமித் தாளில் நாலு கட்டம் கீறினேன். நாம் சொல்வது என்ன, அதற்கு ஆதாரம் என்ன, மற்றவர்கள் என்ன சொல்வார்கள், அதற்கு நம் பதில் என்ன. ஒரு மூலையை இடுப்பிலிருந்த என் மகள் கடித்துத் தின்றுவிட்டாள். நல்லவேளை, அது வெறும் ஓரம்.

பிள்ளைகளோ "அவனியில் மானிடர் வாழ்வில் கடிதமானது" என்று ஆரம்பித்துவிட்டார்கள். வருஷக் கணக்காக நாங்கள் சொல்லிக் கொடுத்த வினைதான். அந்தப் பக்கத்தை முழுக்க அடித்துவிட்டு, முதல் வரியிலேயே விஷயத்துக்கு வரச் சொன்னேன். 'லயத்து வீடுகளுக்கு இலக்கம் வேண்டும்' என்று ஒரே வரியை எழுதிவிட்டு சிவகுமார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "முன்னுரை இல்லாம கட்டுரை, மேல்சட்டை இல்லாம பள்ளிக்கூடம் வந்த மாதிரி இருக்கு டீச்சர்."

சாமிப் படத்துக்குப் பின்னால்

ஆதாரம் தேடி ஒரு சனிக்கிழமை லயம் லயமாக ஏறி இறங்கினோம். தோட்டத்தில் எத்தனை எஸ். லெட்சுமி என்று எண்ணினால், பதினொன்று! செல்லையா மகள், சுப்பையா பெண்சாதி, சின்னசாமி மகள் என்று எல்லாருமே எஸ்தான்.

கீழ் டிவிசனில் கொழுந்தெடுக்கிற லெட்சுமியக்காவிடம், "உங்களுக்கு ஏதும் கடிதம் வந்திச்சா?" என்று கேட்டோம். உள்ளே போய், சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து நீளமான உறை ஒன்றைக் கொண்டுவந்தார். பிரிக்கவே இல்லை. நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். பிரித்தோம். போன வருஷ விண்ணப்பத்துக்கு ஜெயந்தியின் அக்காவுக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம். தேதி போய் எட்டு மாசம். லெட்சுமியக்கா பதறிப்போனார். "எனக்குப் படிக்கத் தெரியாதே கண்ணு. சர்க்கார் சீல் குத்தியிருந்திச்சு, நல்லது வரும்னு வெள்ளிக்கெழமை தவறாம சூடங் காட்டினேன்."

எதிர்க்கட்சியின் கட்டம்

திங்கட்கிழமை ஜெயந்தி மூன்றாம் கட்டத்தில், பெரட்டில் பெயர் வாசிக்கிற ஆபீஸ் கிளாக்கரையாவை மனுஷனே இல்லை என்று எழுதி வந்தாள். கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கட்டம் அவருடையது. "அவர் என்ன சொல்றாருன்னு அவர்கிட்டயே கேட்டுட்டு வந்து எழுது" என்று அனுப்பினேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவள், யோசனையோடு திரும்பி வந்தாள். அவர் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதியிருந்தாள்: "நான் எஸ். லெட்சுமின்னு கூப்புடுறேன், நாலு பேரு கையத் தூக்குறாங்க. எனக்கு மட்டும் வீட்டு நம்பர் தெரிஞ்சா கொண்டாந்து குடுக்க மாட்டேனா புள்ள?"

அதிபரின் பயம்

எங்கள் அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். சிவப்புப் பேனை இல்லாமல் எதையும் வாசிக்கமாட்டார். நாலு பக்கத்தையும் வாசித்தார். ஒற்றுப் பிழை மூன்றைத் திருத்திவிட்டு, பேனையை மூடினார். தோட்டத்து மானேஜர் தொரையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து, ஜெயந்தியையே வாசிக்க வைக்கலாமா என்று கேட்டேன். "திட்டி எழுதியிருந்தால் நான் சமாளிச்சுப் போடுவன் பிள்ளை. இது நியாயமாய் எல்லோ எழுதிக் கிடக்கு, அதுதான் பயமாய்க் கிடக்கு."

ஒரு டின் பெயின்ட்

பயந்தாலும் அதிபர் அழைத்தார், தொரையும் வந்தார். சிங்களவர், ஆனால் தோட்டத் தமிழ் நன்றாக விளங்கும். ஜெயந்தி வாசித்தாள். குங்குமம் அழியாத அந்த உறையையும் மேசையில் வைத்தாள். கிளாக்கரையா சொன்னதை வாசித்தபோது, பின்னால் நின்ற கிளாக்கரையாவே தலையை ஆட்டினார். "இப்ப நான் என்ன செய்யணும்?" என்றார் தொரை. "ஒரு டின் பெயின்ட் தாங்க சேர், நம்பரு நாங்க எழுதிக்கிறோம்" என்றாள். என் மாணவி! எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தொரை சிரித்துவிட்டார். "எல்லாரும் எங்கிட்ட வந்து சத்தம் போடுவாங்க, என்ன வேணும்னு சொல்ல மாட்டாங்க. நீ சொல்லிட்ட. ரெண்டு டின் எடுத்துக்க."

மூணாம் லயம், ஏழாம் இலக்கம்

இரண்டு சனிக்கிழமையில் எல்லா லயத்துக்கும் இலக்கம் எழுதினோம். எழுதி முடித்த அன்றைக்கே ஜெயந்தியின் அக்கா, விண்ணப்பம் போட்ட இடத்துக்கு 'மூணாம் லயம், ஏழாம் இலக்கம்' என்று புது விலாசத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பிறகு காத்திருப்பு. தினமும் காலையில் நான் ஜெயந்தியின் முகத்தைப் பார்ப்பேன், அவள் இல்லை என்று தலையாட்டுவாள். வேறொரு லெட்சுமி கைக்குப் போயிருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஐந்தாம் வாரம், கணக்குப் பாட நேரம், கொப்பிக் கட்டு எடுக்க நான் அங்கே போயிருந்தபோது, கொழுந்துக் கூடையோடு மூச்சிரைக்க வகுப்பு வாசலில் வந்து நின்றாள் அக்கா. நேர்முகப் பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. என்னையும் பார்க்கவில்லை, கணக்கு சேரையும் பார்க்கவில்லை. உறையை உயர்த்திப் பிடித்துத் தங்கச்சியைக் கூப்பிட்டாள்: "அடியே ஜெயந்தி, பேருக்குக் கீழ நம்ம வீடும் இருக்குடி!"

ஒப்படைக்குப் புள்ளி போட வந்தவர் முடிவுரை போதாதென்று மூன்று புள்ளி வெட்டிவிட்டார். அந்த முடிவுரை இப்போது லுணுகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், லெட்சுமி டீச்சர் என்ற பெயரில், மூன்றாம் ஆண்டுக்குக் கணக்குப் படிப்பிக்கிறது.