மாதாவிடம் நான் அம்மாவைக் கேட்டேன்

இந்த உடம்பைப் பற்றிக் கோயிலில் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மாதாவுக்குத் தெரியாத உடம்பா? பேசிவிடுகிறேன்.

என் பெயர் அமலி. மயிலாடுதுறைப் பக்கம் ஊர். நான் திருநங்கை. வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்துவிட்ட காலம். எங்களுக்கு மட்டும் ஆஸ்பத்திரி வாசல் திறக்கவில்லை. பெண்ணாக மாற வெளிமாநிலத்தில் யாரிடமோ ஆபரேஷன் செய்துகொண்டேன். அது தப்பாகிப் போனது. புண் கண்டபடி ஆறி, சிறுநீர் போகும் வழி சுருங்கிவிட்டது. தண்ணீர் குடிக்கவே பயப்படுவேன்.

பிறகு சென்னையில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். "வழியச் சரி பண்ணி, வெளி உறுப்பையும் நல்லபடியா அமைச்சுத் தரேன்மா. கூட யார் இருப்பாங்க?" என்றார். அந்தக் கேள்விக்குத்தான் அழுதேன். அம்மா என்னோடு பேசி வருஷங்கள் ஆகியிருந்தன. நான் பையனாகவே திரும்பி வரவேண்டும் என்று சனிக்கிழமை தவறாமல் அவள் மாதாவுக்கு ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பதாகக் கேள்வி.

நான் மாதாவிடம் சுகம் கேட்கவில்லை. "எனக்கு எங்கம்மா வேணும் தாயே" என்று மட்டும் கேட்டேன். எங்கள் இரண்டு பேரில் யார் ஜெபத்தைத்தான் மாதா கேட்பாள், பாவம்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தோழி ஒருத்தி போன் செய்து சொல்லியிருக்கிறாள். நர்ஸ் கட்டைப் பிரித்தபோது அம்மா புண்ணைப் பார்த்துவிட்டாள்.

"இவ்ளோ வலியத் தாங்கிக்கிட்டா இதக் கேட்ட?" என்றாள். மறுநாளிலிருந்து அவளே கழுவிவிட்டாள்.

உடம்பு தேறியதும் வேளாங்கண்ணிக்கு வந்தோம். சுகமான உறுப்பைத் தகட்டு உருவமாகக் காணிக்கை வைப்பது நம் வழக்கம். கடையில் கண் இருந்தது, கை, கால், வயிறு எல்லாம் இருந்தது. எனக்குச் சுகமானது மட்டும் இல்லை. அதை வாய்விட்டுக் கேட்கவும் முடியவில்லை.

நாங்கள் தயங்கி நிற்பதைப் பார்த்துக் கடைக்காரர், "முழு உருவமா வாங்கிக்குங்க. ஆணா, பெண்ணா?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பொண்ணுதான். எம் மக" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பெற்ற பையனுக்காக அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அழுதேன்.

சாயங்காலம் ஊர் பஸ்ஸில் தனியாக ஏறினாள். என்னைக் கூப்பிடவில்லை. ஊரில் மகன் துபாயில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஆஸ்பத்திரியில் துணையில்லாமல் கிடக்கும் எங்கள் பெண்களுக்கு நான் போய்த் துணை இருக்கிறேன். யாருமில்லை என்று நினைக்கிறவர்கள் வெட்கப்படாமல் மாதாவிடம் கேளுங்கள். நான் கேட்டதில் பாதி கிடைத்தது. அதற்கே நன்றி சொல்லி மாளவில்லை. மீதியை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.