லாரி ஓட்டுநரின் சீட்டு

கோலா கிளாவாங் கிளினிக்கில், நோயாளிகளே ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளும் இயந்திரத்தருகே ஒரு தோட்டத்து லாரி ஓட்டுநரைச் சந்தித்தேன். நரைத்த மீசை, வெயிலில் கறுத்த முகம். கையை உள்ளே விட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வெளியே வந்த சீட்டைப் பார்க்காமலே என்னிடம் நீட்டினார்.

"நீயே பாத்துச் சொல்லும்மா."

"ஏன் அங்கிள், பயமா?"

"மருந்து சாப்டுறேன்னு மிஸ்ஸிகிட்ட பொய் சொல்லிடலாம்லா. இதுகிட்ட முடியாது. போன மாசம் நம்பரப் பாத்து ஆடிப்போயிட்டேன். அதுலேர்ந்து ஒரு நாள்கூட மருந்த விடல."

"நூத்தி இருபத்தெட்டுக்கு எம்பது. நல்லா இருக்கு அங்கிள்."

கண்ணைத் திறந்து நீண்ட மூச்சு விட்டார்.

அவர் 'மிஸ்ஸி' என்று சொன்ன தாதி அவரை உள்ளே அழைத்தார். தாதி கேட்பதற்கு முன்பே அவர் குரல் வெளியே கேட்டது: "இப்ப நெசமாவே சாப்டுறேன், மிஸ்ஸி."

அந்த 'நெசமாவே'யை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.