குளவி என்று எழுதியவர்

அன்புச்செல்வி எந்த வசனத்தையும் இரண்டு தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முதல் தடவை காதுக்கு, இரண்டாவது தடவை மனசுக்கு என்பார். வேறு யாராவது அலுவலகத்தில் இப்படி உட்கார்ந்திருந்தால் தூங்குகிறார் என்று நானே போய் எழுப்பியிருப்பேன்.

கோவை அவிநாசி சாலையில், ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில், வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் போடுகிறோம். அன்புச்செல்வி எழுதுவார். அதைச் சரிபார்த்து அனுப்புவது கிருபாசங்கர் ஆகிய நான். குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன். வீட்டில் அதையே சம்பளமில்லாமல் செய்கிறேன் என்பது மனைவியின் புகார்.

சூலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் அன்புச்செல்வி. நாற்பதை நெருங்குகிறார். ஒன்பது வருஷம் அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்தார். முகமே பார்க்காத அந்த டாக்டர்களில் யாருக்குச் சளி, யார் முந்தின நாள் தூங்கவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியுமாம். அந்த வேலையை ஒருநாள் கம்ப்யூட்டரே செய்ய ஆரம்பித்தது. அப்புறம்தான் இங்கே வந்தார். எங்களிடமும் ஒப்பந்த வேலைதான். ஒரே அத்தியாயம் மூன்று தடவை திருத்தத்துக்குத் திரும்பினால் ஒப்பந்தம் ரத்து.

"இதுவும் போயிருச்சுன்னா திருப்பூர்ல பனியன் செக்கிங்தானுங்க சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். கண் சிரிக்காது.

அப்போது அவர் கையில் இருந்தது ஒரு அமெரிக்கக் குடும்பத்தின் கதை. கடலோரத்தில் வெள்ளை மரவீடு. வெளியே பனி பெய்துகொண்டே இருக்கும். யாரும் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் கைத்தடியோடு ஒவ்வொரு அறையாக நடப்பார். அன்புச்செல்வி மூன்று வாரம் அந்த வீட்டிலேயே குடியிருந்தார். "காலைல பஸ்ஸுல வாரப்ப சூலூர் குளத்துமேல பனி உழுகற மாதிரியே இருந்துச்சுங்க சார். துப்பட்டாவ எடுத்துப் போத்திக்கிட்டேன்" என்றார். அது சித்திரை மாசம்.

அந்த வீட்டில் ஒரு சாவு விழுகிறது. பெரியவரின் தம்பி. யாரும் அழவில்லை. அடுப்படியில் சமையல்காரி தன் தங்கையிடம் போனில் முணுமுணுக்கிறாள். ஒருத்தர் கண்ணிலும் ஒரு சொட்டு இல்லை என்கிறாள். பிறகு, "வாஸ்ப்ஸ், எல்லாரும்" என்கிறாள். அன்புச்செல்வி எழுதியிருந்தார்: "எல்லாம் குளவிங்க."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். திருப்பி அனுப்பினேன்.

"ஜன்னல் தொறந்திருந்துச்சுங்களே சார். கூடு கட்டியிருக்குமாட்ட இருக்குதுன்னு எழுதிப்போட்டேன்."

"வாஸ்ப்னா குளவிதான், ஆனா இங்க பூச்சி இல்லீங்க அம்மணி. அது மனுசங்களுக்கு வெச்ச பேரு. வெள்ளை, ஆங்கிலோ, சாக்சன், புராட்டஸ்டண்ட். இங்கிலீஷுல நாலு வார்த்தையோட முதலெழுத்தச் சேர்த்தது. அங்க பரம்பரைப் பெரிய ஊட்டுக்காரங்க. ஒரே காலேஜு, ஒரே கிளப்பு, பொண்ணு எடுக்கறதும் அவங்களுக்குள்ளயேதான். வெளிய நிக்கறவங்க அவங்கள இப்படிச் சொல்லுவாங்க, பாதி கிண்டலா."

அவர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"நாங்களும் புராட்டஸ்டண்ட்தானுங்க சார், சி.எஸ்.ஐ. அப்ப நாலெழுத்துல கடைசி எழுத்து எங்களது." பிறகு மெதுவாக, "எங்கூர்ல எந்தச் சர்ச்சுன்னு சொன்னாப் போதும், எந்தத் தெரு, என்ன சாதின்னு கேக்க மாட்டாங்க. அதே சர்ச்சுக்கு அங்க இத்தாப் பெரிய ஊடு" என்றார்.

இரண்டாவது தடவை, "வெள்ளை ஆங்கிலோ சாக்சன் புராட்டஸ்டண்ட் மேட்டுக்குடியினர்" என்று வந்தது. அர்த்தம் சரி. ஆனால் அந்த வசனம் திரையில் நிற்பது இரண்டே விநாடி. பாதி படிப்பதற்குள் பிணத்தை எடுத்துவிடுவார்கள். மறுபடி திருப்பினேன். இன்னொரு தடவை திருப்பினால் அவர் போக வேண்டியதுதான். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

நான்கு மணிக்கு அத்தியாயம் போயாக வேண்டும். மூன்றரைக்கு ஃபைல் வந்தது. ஓடவிட்டேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சமையல்காரி முணுமுணுக்க, கீழே எழுத்து வந்தது: "பண்ணாடிங்கல்லோ, அழ மாட்டாங்க."

பண்ணாடி. தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள் தோட்டத்துக்காரரைக் கூப்பிடுகிற சொல். கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் என் தாத்தாவை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் அதுதான் அவர் பெயர் என்று நினைத்திருந்தேன்.

படத்தைப் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தேன். பெரியவர் கைத்தடியோடு நடந்தார். மரவீடு மெல்ல மறைந்து, இரண்டு பக்கமும் தென்னை வரிசை எழும்பியது. வெள்ளைச் சட்டையில் தாத்தா நடந்துகொண்டிருந்தார். ஓலைக்கு நடுவே பனி விழுந்துகொண்டிருந்தது. தம்பி செத்த அன்று அவரும் அழவில்லை. எங்கள் வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்வோம். அன்றைக்கு எங்கள் அடுப்படியில் யார், யாரிடம், என்ன முணுமுணுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. திருப்பி அனுப்பக் காரணமும் தயாராக இருந்தது: இது கொங்குச் சொல், மதுரைக்காரனுக்கு விளங்காது. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

அன்புச்செல்வியைக் கூப்பிட்டேன். "ஏனுங்க, பண்ணாடிங்கறது மரியாதைச் சொல்லாச்சே. இவ கிண்டலாத்தானே சொல்றா?"

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்கம்மா இருவது வருசம் தோட்டத்துக்குப் போனாங்க சார். அங்க நின்னு சொன்னா மரியாதைதானுங்க. ஊட்டுக்கு வந்து, காலை நீட்டி உக்காந்து, அதையே சொல்லுவாங்க. நாங்க உழுந்து உழுந்து சிரிப்போம். சொல்லு ஒண்ணுதானுங்க. இந்தச் சமையல்காரி பேசறப்ப எனக்கு எங்கம்மா கொரல்தான் கேட்டுது. அதனாலதான் எழுதுனேன். வேண்டாம்னா திருப்பிருங்க சார்."

மணி மூன்று ஐம்பத்தைந்து. இந்த நாற்பத்தைந்து வருஷத்தில் அந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்! எல்லாமே தோட்டத்தில் நின்று சொன்னது. வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து சொல்வதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. மதுரைக்காரனுக்கு விளங்கும். அவன் ஊரிலும் அதற்கு ஒரு சொல் இருக்கும்.

'சரி' என்ற பொத்தானை அழுத்தினேன். அத்தியாயம் போய்விட்டது. அன்புச்செல்வி மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்னையும் அப்படித்தான் சொல்லுவீங்களா?"

கதவுவரை போனவர் திரும்பி என்னைப் பார்த்தார். முதன்முறையாக அவருடைய கண்ணும் சேர்ந்து சிரித்தது.

"உங்க முன்னால சொல்ல மாட்டேனுங்க சார்" என்றார். பிறகு தன் இடத்துக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.