உட்கார முடியாத ஞாயிறு

போன மாதம் ஒரு ஞாயிறு. சித்தூரில் எங்கள் சபை ஆராதனை. பாட்டு, வேதபாடம், பிரசங்கம் — எல்லாவற்றுக்கும் பின்சுவரில் சாய்ந்தபடி நின்றுகொண்டே இருந்தேன். பக்தியில் அல்ல. ஆசனவாயில் அரிப்பு!

முகம் சுளிக்காதீர்கள். உங்களுக்கு வந்ததே இல்லையா?

தலைவலி என்றால் ஊரெல்லாம் சொல்லலாம். இதை மனைவியிடம் மட்டும்தான் சொல்ல முடியும். என் மனைவி காலமாகிவிட்டாள். நான் யாரிடம் சொல்ல?

ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா பிரதர், கடைசி வரிக்கும் நின்னுக்கினே இருந்தீங்க? மனசுல இன்னா பாரம்?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா..."

"சொல்ல முடியாத பாரம்! புரியுது. புதன்கெழம உங்க வூட்லயே ஜெபம் வெச்சிக்கலாம்."

சபையார் எல்லோரும் வந்துவிட்டார்கள். மனைவியின் அடக்கத்துக்குப் பிறகு என் வாசலில் அத்தனை செருப்புகள் கிடந்தது அன்றுதான். என் பாரத்துக்காகக் கண்ணீர்விட்டு ஜெபித்தார்கள். நான் போட்ட சுமாரான காபியைக் குடித்துவிட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த புதனும் வந்தார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

ஆனால் அரிப்பு...? சித்தூர் டாக்டர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். கூச்சம். திருப்பதிக்கு பஸ் ஏறினேன் — நின்றுகொண்டேதான்.

"இன்னா போட்டு கழுவறீங்க?" என்றார் அங்கிருந்த டாக்டர்.

"கார்பாலிக் சோப்தான் சார். எப்பல்லாம் அரிக்குதோ அப்பல்லாம், நல்லா தேச்சி..."

"அதான்! சுத்தம் ஜாஸ்தியாயிடுச்சி. வெறும் தண்ணி போதும். மெத்துன்னு இருக்கற துணியால ஒத்தி எடுங்க, ஈரம் நிக்கக்கூடாது. படுக்கறப்ப துளி தேங்காயெண்ணெய். நைலான் ஜட்டி வேணாம், காட்டன் போடுங்க. நகத்த ஒட்ட வெட்டிடுங்க, சொறியாதீங்க. அப்பவும் நிக்கலன்னாலோ, ரத்தம் வந்தாலோ திரும்பி வாங்க. சாப்பாடு இன்னா?"

"சோறும் ஆவக்காய் ஊறுகாயும்."

ஒற்றை ஆளுக்கு யார் குழம்பு வைத்துக்கொண்டிருப்பது?

"ஆவக்காய நிறுத்துங்க. வீட்டம்மாவ காரம் தக்குவ... கம்மியா சமைக்கச் சொல்லுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சொன்னபடி செய்தேன். அரிப்பு போயே போய்விட்டது. அந்த வார ஆராதனையில் பெஞ்சில் ஜம்மென்று உட்கார்ந்தேன். மூப்பர் பார்த்துவிட்டார். "ஸ்தோத்திரம்! நம்ம பிரதரோட பாரம் எறங்கிடிச்சி!" என்று சபை முன்னாலேயே சொல்லிவிட்டார்.

புதன்கிழமை பால் கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். யாரும் வரவில்லை. ஜெபம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது — பாரம் இருக்கிற வீட்டுக்கு. நியாயம்தானே?

குணமானதற்காக வருத்தப்பட்ட நோயாளி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.