நான் நீக்கிய ‘இல்லை’

ஒருவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதினேன். அதனால் அவருக்கு வேலை போயிற்று. தெரியாமல் செய்ததல்ல.

அப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில், கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு நிறுவனத்தில் தொழிலாளர் அதிகாரியாக இருந்தேன். கப்பலிலிருந்து மரத்தடிகளை இறக்கும்போது கம்பிவடம் அறுந்து, கீழே நின்ற தொழிலாளியின் கால் நசுங்கியது. பழைய வடத்தைக் கொடுத்த நிறுவனம் பொறுப்பா, சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டியவர் பொறுப்பா என்பதுதான் கேள்வி.

வின்ச் ஓட்டியவர் பெரியதாழை என்ற கடலோர ஊர்க்காரர். ஆஸ்பத்திரியில் அடிபட்டவரின் மனைவியைப் பார்த்ததும், "நான் பாத்திருக்கணும், மைனி. நான் இருந்தும் இப்படி ஆயிட்டே" என்று அழுதார். பக்கத்தில்தான் நின்றேன். எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்கப் போகிற எவரும் பழியில் ஒரு பங்கைத் தன் தலையில் போட்டுக்கொண்டுதான் பேசுவார்கள். மாரடைப்பில் போன நண்பரின் வீட்டில் நானே, "முந்தாநாளே வந்து பாத்திருக்கணும்" என்று சொல்லியிருக்கிறேன். யாரும் என்னைக் கொலைகாரன் என்று நினைக்கவில்லை.

அறிக்கையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ‘இன் ஸோ மெனி வேர்ட்ஸ்’ என்ற தொடரில் எனக்கு ஒரு மயக்கம் உண்டு. இன்னதை இதே சொற்களில் வெளிப்படையாகச் சொன்னார் என்று பொருள். அவர் தவறை அப்படி ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் பேச்சில் குற்ற உணர்வு தெரிந்தது என்று முதலில் எழுதினேன்.

மேலாளர் படித்துவிட்டு, "ஒத்துக்கிட்டானா, இல்லையா? ‘ஆனால்’னு இழுத்தா நான் என்ன முடிவு எடுக்க?" என்றார்.

அந்த ‘இல்லை’யை எடுத்துவிட்டேன்; தவறை இதே சொற்களில் ஒப்புக்கொண்டார் என்று ஆயிற்று. வாக்கியம் அழகாக நின்றது. அதன் பிறகு வடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஓய்வுபெற்ற பிறகும் அந்தத் தொடரை எங்கே பார்த்தாலும் நின்று பார்க்கிறேன். அநேகமாக அது ‘இல்லை’யோடுதான் வருகிறது. ஏன் என்று வெகுநாள் யோசித்தேன். ஒருவர் ஒன்றை நேராகச் சொல்லிவிட்டால் ‘சொன்னார்’ என்பதே போதும். சொல்லாததற்கும் நாம் புரிந்துகொண்டதற்கும் நடுவே வரப்பு போடத்தான் இந்தத் தொடர் வேண்டியிருக்கிறது. நான் வரப்பை வெட்டிவிட்டு, நிலம் முழுவதும் அவருடையது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போன வருஷம் பெரியதாழைக்குப் போனேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"வேல போனது கெடக்கட்டும் சார். கடல் இருந்துச்சு, பொழச்சிக்கிட்டேன். அடிபட்டவன் என்கூடப் பேசுறதில்ல. ஆஸ்பத்திரியில அழுதவன், ஆபீஸுல போயி தப்ப ஒத்துக்கிட்டான், அப்ப அவனாலதான் கால் நசுங்குச்சுன்னு நெனைக்கான். எங்கிட்ட வந்து சொல்லி என்ன? அங்க போயிச் சொல்லுங்க."

அடிபட்டவர் தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஊன்றுகோல் கல்லாப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. மனைவி பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் இருவரிடமும் சொன்னேன்: அலுவலகத்தில் அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்டதுதான் அவர் சொன்னது எல்லாம், மிச்சம் நான் எழுதியது.

"அன்னைக்கு அந்த அண்ணன் அழுதத நானும் கேட்டேன்லா," என்றார் மனைவி. "ஆபீஸுல தப்ப ஒத்துக்கிட்டாகன்னு அப்ப நீங்கதான சார் வந்து சொன்னீங்க."

கடைக்காரர் கல்லாவிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்தார். பிறகு, "அவன் நம்பர் இருக்கா?" என்றார். கொடுத்தேன். என் முன்னால் அழைக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

சில வாரம் கழித்துப் பெரியதாழையிலிருந்து போன் வந்தது.

"பேசிட்டான் சார்."

"என்ன சொன்னார்?"

சிரிப்புச் சத்தம் கேட்டது. "அத ஒங்ககிட்டச் சொல்ல மாட்டேன். நீங்க எழுதிப்புடுவீங்க."