விரல் ஓடிய பக்கம்

பிள்ளைகளே, உங்களில் யாருக்காவது ஒரு பாடம் தெரியாமல் இருந்து, அதைச் சொல்லப் பயமாக இருந்தால், இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். வைட்ஃபீல்டில் பெரிய குடியிருப்புகளில் லிஃப்ட் நின்றுபோனால் எங்களைக் கூப்பிடுவார்கள். பத்தாவது தேறவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது பயம் ஒன்றைத்தான். தெரியாது என்று சொன்னால் அடி விழும். அதனால் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்காரப் பழகிவிட்டேன். வேலைக்குப் போன பிறகுதான், தெரியாததைக் கேட்டால் ஒன்றும் ஆகாது என்பதே தெரிந்தது.

அந்தப் பயம் என் மகளுக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். பிள்ளையைக் கொடுத்த கர்த்தர், அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையையும் முதலில் எங்களிடம்தான் கொடுத்திருக்கிறார் என்று நானும் மனைவியும் நம்பினோம். ஜெபித்துவிட்டு, வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவெடுத்தோம். கணக்கும் இங்கிலீஷும் தையல் மெஷின் பக்கத்தில் அவள் அம்மாவிடம். தமிழும் வேதமும் என்னிடம். கன்னடம் எங்கள் தொம்மலூர்த் தெருவில் விளையாட்டோடு தானாக வந்தது.

காலை ஜெபத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம். வேதப் பகுதியை முதலில் நான் சத்தமாக வாசிப்பேன். பிறகு அதையே மனைவி, கடைசியில் மகள். ஏழு வயதில் அவள் விரலை வரிமேல் ஓட்டி, தடையே இல்லாமல் வாசிப்பாள். எனக்குப் பெருமை தாங்காது. சபையிலும் சொன்னேன், வேலை இடத்திலும் சொன்னேன்.

என் மச்சான், மனைவியின் அண்ணன், கேப் ஓட்டுகிறவர். வரும்போதெல்லாம் கிண்டல் செய்வார். "என்ன மாப்ள, நீயே ஹெட்மாஸ்டர், நீயே பியூனா? பெல்லு யாரு அடிக்கிறது?"

"குக்கர் அடிக்கும் மச்சான். நீங்க ஒருநாள் வந்து அவ வாசிக்கிறதைக் கேளுங்க."

அவளுக்கு எட்டு வயதானபோது எங்கள் சபையில் பிள்ளைகள் ஞாயிறு வந்தது. மகளை வாசிக்கக் கூப்பிட்டார்கள். பாஸ்டர் ஐயா தன்னுடைய பெரிய எழுத்து வேதத்தைக் கையில் கொடுத்து, "உனக்குப் பிடிச்ச சங்கீதம் ஒண்ணு எடுத்துப் படிம்மா" என்றார். அவள் உயரத்துக்கு மைக் எட்டவில்லை. நான் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டேன்.

அவள் புத்தகத்தைத் திறந்தாள், விரலை வைத்தாள், கணீரென்று ஆரம்பித்தாள். நாங்கள் வீட்டில் அடிக்கடி வாசிக்கிற சங்கீதம். ஒரு வார்த்தை பிசகவில்லை. நான் சும்மா பக்கத்தைப் பார்த்தேன். அது சங்கீதமே இல்லை. யாருக்கு யார் மகன் என்று பெயர்கள் வரிசையாக இருக்கிற ஒரு வம்ச வரலாறு. அவள் விரல் அந்தப் பெயர்கள்மேல் ஓடிக்கொண்டிருந்தது. வாய் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஸ்தோத்திரம்! பிள்ளை தண்ணி மாதிரி படிக்குது!" என்று ஒரு அம்மா சொன்னார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். "பாப்பா, நீ வாசிச்சது அந்தப் பக்கத்துல இல்லியேம்மா?"

அவள் கீழே பார்த்தபடி நடந்தாள். "நீங்கதான் முதல்ல படிப்பீங்கல்லப்பா. அம்மாவும் படிப்பாங்க. அதுக்குள்ள எனக்கு வந்துடும்."

"எழுத்துக் கூட்டிப் படிக்க வராதா?"

"கொஞ்சம்தான் வரும்."

"ஏம்மா அப்பாகிட்ட சொல்லல?"

"நீங்க எல்லார்கிட்டயும் நான் படிப்பேன்னு சொல்லிட்டீங்களே."

எந்தப் பயம் வேண்டாம் என்று அவளை வீட்டில் வைத்தேனோ, அந்தப் பயத்தை நானே அவளுக்குக் கொடுத்திருந்தேன்.

மனைவி என்னைத் திட்டவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துவிட்டு, "நானும்தான் கவனிக்கல. ஆனா ஒண்ணுங்க. ஜூன் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள அவளுக்கு வாசிக்க வரலைன்னா ஸ்கூல்ல சேத்துடலாம். நம்ம வைராக்கியத்துக்காகப் புள்ள கஷ்டப்படக் கூடாது" என்றாள். சரி என்றேன். ஜூனுக்கு ஐந்து மாதம் இருந்தது.

முதலில் சபையில் சொன்ன பெருமையைத் திருப்பி எடுக்க வேண்டும். மகளிடம் கேட்டேன், "சபையில சாட்சி சொல்ற நேரத்துல உண்மையைச் சொல்லட்டுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "சொல்லுங்க. ஆனா உங்க தப்புன்னு சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. காதில் விழுந்ததைத்தான் அவள் சொல்கிறாள் என்றால், காதில் விழாததைக் கொடுக்க வேண்டும். கடையில் கடலை மிட்டாய் வாங்கி வீட்டில் ஒளித்து வைத்தேன். சர்வீஸ் சீட்டின் பின்பக்கத்தில் 'தட்டு அடியில் பார்' என்று எழுதி, தண்ணீர்க் குடத்துமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மனைவி வாய் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம்.

மத்தியானம் லிஃப்டுக்கு மேலே மெஷின் ரூமில் இருக்கும்போது போன் வந்தது. "அப்பா, அடியில்னா கீழயா?"

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அந்த வார்த்தையை நான் அவளிடம் வாயால் சொல்லவில்லை. அவளே கூட்டிப் படித்திருக்கிறாள். கிரீஸ் கையோடு அங்கேயே நின்று தேவனுக்கு நன்றி சொன்னேன்.

தினமும் ஒரு சீட்டு. கொஞ்சம் கொஞ்சமாக நீளமாக்கினேன். தேடிக் கிடைக்காத நாளில் அழுதாள். ஒருநாள் என் டிபன் பாக்ஸில் கோணல் எழுத்தில் ஒரு சீட்டு வந்தது: 'மிட்டாய் போதும். முறுக்கு வை.'

காலை ஜெபத்தின் வழக்கத்தையும் மாற்றினோம். இப்போது முதலில் வாசிப்பது அவள். நாங்கள் எல்லாம் பிறகு.

மே மாதம் ஒரு காலை ஜெப நேரத்தில் மச்சான் பள்ளி விண்ணப்பத்தோடு வந்தார். உட்காருங்கள் என்றோம். மகள் அதுவரை கேட்டிராத ஒரு பகுதியைத் திறந்தாள். எழுத்து எழுத்தாக, நின்று நின்று போனாள். இட்லி ஆறியது. முன்பு தண்ணீர் மாதிரி ஓடினவள், இப்போது மேட்டில் சைக்கிள் மிதிப்பதுபோல் போனாள். மச்சான் என் காதில், "மாப்ள, இது எப்ப முடியும்?" என்றார்.

"முடியறப்ப முடியும் மச்சான். பசிச்சா சாப்பிடுங்க."

அவர் சாப்பிடவில்லை. குனிந்து அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நீளமான பெயரில் விரல் நின்றது. இரண்டு தடவை முயன்றாள். பிறகு நிமிர்ந்து, என் முகத்தை நேராகப் பார்த்து, "இது எனக்குத் தெரியலப்பா" என்றாள். சாதாரணமாக, பசிக்குது என்று சொல்வதுபோல.

"எனக்கும் கஷ்டமான பேருதான் பாப்பா. வா, சேந்து கூட்டுவோம்" என்றேன். மச்சானும் தலையை நுழைத்தார். நான்கு பேரும் சேர்ந்து அதை உடைத்துப் படித்தோம்.

மனைவி விண்ணப்பத்தை மடித்துத் தையல் மெஷின் டிராயருக்குள் வைத்தாள். "இருக்கட்டும்ணா. வேணும்னா எடுத்துக்கலாம்" என்றாள்.

அன்றைய ஜெபத்தில் நான் நன்றி சொன்னது, அவளுக்கு வாசிக்க வந்ததற்காக மட்டும் இல்லை. தெரியவில்லை என்று என்னிடம் சொல்ல அவளுக்கு வந்ததற்காகவும்தான்.